‘அதான் அக்கா இருக்காளே’

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு கேள்வி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அப்புறம் யார்? எங்கள் வீட்டில் அதற்கு ரொம்ப சீக்கிரமே பதில் கிடைத்துவிட்டது. கல்யாணப் பந்தியில், கோயில் பிராகாரத்தில், ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கும்போது, எங்கே யார் கேட்டாலும் அம்மா வாயைத் திறப்பதற்குள் கேட்டவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள்: "அதான் அக்கா இருக்காளே." அந்த அக்கா நான். என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மாட்டேன் என்று சொல்லியிருக்கப் போவதில்லை, அது வேறு விஷயம். அந்த மூன்று வார்த்தை கையில் இருந்ததால் வேறு எதையும் யோசிக்காமல் இத்தனை வருஷம் ஒரு குடும்பமே நிம்மதியாக இருந்துவிட்டது பாருங்கள், என் புகார் அதைப் பற்றித்தான்.

தம்பிக்கு இப்போது 22 வயது. எங்கள் ஊர் ஒரு மாவட்டத் தலைநகர், சென்னையில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். அவன் பேசுவான், ஆனால் தேவைக்கு மட்டும். பிடிக்காத இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டான், ‘கிளம்பலாம்’ என்பான். சட்டையில் ஒரு பொட்டுத் தண்ணீர் பட்டாலும் மாற்றியாக வேண்டும். எழுதுவான், கூட்டல் கழித்தல் போடுவான், சில்லறை வாங்கும்போது மட்டும் குழம்புவான். ஆட்டிசத்தில் ஒரே அச்சில் வார்த்த ரெண்டு பேர் கிடையாது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். இனி நான் எழுதப்போவது எல்லார் வீட்டுக்கும் பொருந்தாது. இவனைவிட அதிக உதவி தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

18 வயது வரைக்கும் ஏதோ ஒரு கூரை தலைக்கு மேலே இருக்கிறது, ஓட்டையோ உடைசலோ. அரசு ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் பிறந்ததிலிருந்து 18 வரைக்கும் பார்க்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் உண்டு. ஸ்பெஷல் ஸ்கூல், ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைகளைப் பழக்கும் தெரபி) என்று அம்மாவின் வாரமே ஒரு கால அட்டவணையாக ஓடும். பதினெட்டு முடிந்த மறுநாள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தும். நாங்கள் வழக்கமாகப் பார்த்த டாக்டர் குழந்தை மருத்துவர். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார், இனிமேல் பெரியவர்களைப் பார்க்கிற நரம்பியல் டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ போங்கள் என்று. அங்கே போனால், இந்த வயதில் ஆட்டிசத்துக்கு என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்பது போல ஒரு பார்வை. நம் ஊரில் ஆட்டிசம் பற்றிய பேச்சு முழுக்கச் சின்னக் குழந்தைகளைப் பற்றியது. சீக்கிரம் கண்டுபிடியுங்கள், சீக்கிரம் தெரபி ஆரம்பியுங்கள் என்பார்கள். சரி, கண்டுபிடித்தோம், ஆரம்பித்தோம். அந்தக் குழந்தைகளுக்கெல்லாம் இப்போது மீசை முளைத்துவிட்டது.

முதலில் காகித வேலைகளைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான், உண்மையில் அதுதான் சுலபம். 18 வயதானதும் ஊனச் சான்றிதழுக்கு மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். ஆட்டிசத்துக்கு ‘இசா’ என்று ஒரு இந்திய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் போனால் தீவிரம். பெற்றோர்கள் தம் பிள்ளைக்குக் குறைவாக மார்க் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஒரே பரீட்சை இது என்று நினைப்பீர்கள். உதவித்தொகையை யோசித்து அதிகமாக வந்தால் தேவலை என்று நினைப்பதும் நடக்கும், ரெண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழை வைத்து யூ.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. ஏற்கெனவே இருந்தால் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது வங்கி. மைனர் கணக்காக அப்பா கையெழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது 18 ஆனதும் நின்றுபோகும். இது நிறையப் பேருக்கு உறைப்பதில்லை. பெற்ற அப்பா அம்மாவாகவே இருந்தாலும், 18 வயதுக்கு மேல் சட்டப்படி நீங்கள் அவனுக்குக் காப்பாளர் இல்லை. எங்கள் ஊர் வங்கி ஒன்றில், "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். கோர்ட் தேவையே இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் மாவட்ட அளவில் ஒரு குழுவே கார்டியன் நியமிக்கலாம். கலெக்டர் தலைவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர், அவ்வளவுதான் குழு. அந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. நான் சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வைத்தேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு இடம் இருக்கிறது. கார்டியன் நியமிப்பதற்கு முன் குழு ரெண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது: இவருக்குக் கார்டியன் தேவையா, தேவை என்றால் எந்தெந்த விஷயத்துக்கு? 2016 சட்டம் இன்னும் ஒரு படி போய், முடிவுகளை அந்த நபரோடு கலந்து பேசி எடுக்கிற ‘வரையறுக்கப்பட்ட காப்பாளர்’ முறையைச் சொல்கிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவு அழகு. விசாரணை நாளில் நடந்தது என்ன என்றால், அதிகாரி அப்பாவைப் பார்த்து, "பையன் பேசுவானா?" என்று கேட்டார். பையன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அப்பா என்ன சொல்வது என்று யோசிக்கும் நேரத்தில் அவன் சுவரைப் பார்த்து, "ஏசி இருபத்தி நாலு" என்றான், பிறகு "கிளம்பலாம்" என்றான். அறையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அவனிடம் யாராவது, "உன் பணத்தை யார் பார்த்துக்கணும்?" என்று கேட்டிருந்தால் அவன் அம்மாவைக் காட்டியிருப்பான், அப்பாவை இல்லை. சான்றிதழ் அப்பா பெயரில் வந்தது. வீட்டிலேயே அவனிடம் கேட்டுவிட்டுப் போகாதது எங்கள் தவறா, அங்கே கேட்காதது அவர்கள் தவறா என்று இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம்.

இன்னொன்று, இது தெரியாமல் இருக்கக் கூடாது. கார்டியன் ஆனவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். கொடுக்கிற குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குப் பிறகு இந்தப் பொறுப்பு தானாக எனக்கு வந்துவிடாது, மறுபடி விண்ணப்பம், மறுபடி விசாரணை. ஆக, ‘அதான் அக்கா இருக்காளே’ என்பதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது.

கார்டியன் இருந்தால் ஓட்டு கிடையாது என்று ஒரு மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பொய். மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தவருக்குத்தான் தடை. 2024 ஏப்ரல் 19 அன்று தம்பி முதல் ஓட்டுப் போட்டான். அட்டையில் மிஷின் வரைந்து, பொத்தானுக்குச் சட்டைப் பித்தான் ஒட்டி, வீட்டில் பழக்கினோம். பீப் சத்தம் அவனுக்கு ஆகாது என்பதால் போனில் அந்தச் சத்தத்தை மெதுவாக வைத்து ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போனோம். யாருக்குப் போட்டான் என்று இன்றுவரை சொல்லவில்லை. வீட்டில் ரகசியம் காக்கத் தெரிந்த ஒரே ஆள்.

காகிதம் இத்தோடு போதும். இனிமேல்தான் விஷயம்.

பள்ளி முடிந்ததற்கு அடுத்த ஜூன் மாதத்தை நான் மறக்க மாட்டேன். காலையில் எழுந்தால் போக இடம் இல்லை. முதலில் எல்லாருக்கும் அது லீவு மாதிரி இருந்தது. பிறகு தூக்கம் தள்ளிப்போனது, ராத்திரி மூன்று மணிக்கு வீடு முழுக்க விளக்குப் போட்டுக்கொண்டு நடப்பான். நாள் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லாததால் சாப்பிடுவான். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மூடுவதே ஒரு வேலை. பிறகு கையைக் கடிக்க ஆரம்பித்தான், சின்ன வயதில் விட்டுப்போன பழக்கம். டாக்டரிடம் போனோம், அமைதிப்படுத்தக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் அளவைக் கூட்டினார். அந்த மாத்திரை பசியைக் கிளப்பும், எடையை ஏற்றும், அது தெரிந்ததுதான். ஏறியது. எடை ஏறினதால் நடக்கச் சோம்பல், நடக்காததால் தூக்கமில்லை. மருந்துக்கு ஓர் இடம் உண்டு, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்த மூன்று மாதம் மாத்திரை செய்துகொண்டிருந்த வேலை, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் காலியாகக் கிடந்த நேரத்தை நிரப்புவதுதான். இதே வயதில் ஃபிட்ஸ் ஆரம்பிக்கிற பிள்ளைகளும் நிறைய உண்டு, ஆட்டிசத்தில் பருவ வயது அதற்குப் பேர்போனது. அதனால் நடத்தை மாறினாலே ‘பள்ளி இல்லாத ஏக்கம்’ என்று நாமாக முடிவுகட்டாமல் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. எங்கள் விஷயத்தில் அது ஏக்கமும் இல்லை, நோயும் இல்லை. வேலை இல்லாத எந்த இருபது வயதுப் பையனுக்கும் வருவதுதான்.

‘எங்களுக்கு அப்புறம் யார்’ என்ற கேள்வி ரொம்பப் பெரியதாக இருப்பதால், அதைக் கேட்டுக் கேட்டே எல்லாரும் களைத்துப்போய்விடுகிறார்கள். அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது: நாளைக்குக் காலை பத்து மணிக்கு இவன் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான்? அதற்குப் பதில் இருந்தால் பெரிய கேள்விக்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும் என்பது என் கட்சி. அதைப் பள்ளி முடிந்த பிறகு கேட்க ஆரம்பிக்கக் கூடாது. 14 வயதிலேயே கேட்க வேண்டும், அப்போதுதான் பள்ளியில் இருக்கும் டீச்சர், தெரபிஸ்ட் எல்லாரையும் அதற்காக வேலை வாங்க முடியும். ஒன்பதாம் வகுப்பில் நிறம் தீட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ரோடு கடப்பதையும் ஷேவ் செய்வதையும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்க முடியும். பாத்ரூம் கதவைச் சாத்துவது, உடம்பில் நடக்கும் மாற்றம், எது தனி இடம் எது பொது இடம், இதையெல்லாமும்.

நான் செய்தது ஒரு சாதாரண விஷயம். பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்து, ஒரு வாரம் அவன் கூடவே இருந்து, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். பக்கத்துக்கு மூன்று பத்தி: தானே செய்வது, சொன்னால் செய்வது, கூட நின்றால் செய்வது. பல் தேய்ப்பது சொன்னால். குளிப்பது தானே, தலைக்குக் குளிப்பது கூட நின்றால். தோசைக் கல்லில் மாவு ஊற்றுவது தானே, அடுப்பை அணைப்பது சொன்னால். கதவைத் தட்டினால் திறப்பது தானே, யார் என்று பார்த்துத் திறப்பது எந்தப் பத்தியிலும் இல்லை. அம்மா அதுவரைக்கும், இருபத்து நாலு மணி நேரமும் யாராவது கூட இருக்கணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நோட்டைக் கூட்டிப் பார்த்தால், ஆள் கட்டாயம் கூட நின்றாக வேண்டிய நேரம் ஒரு நாளைக்கு ரெண்டே கால் மணிநேரம் கூட வரவில்லை. மீதி நேரம் யாராவது கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஆள் பிடிக்கலாம், சம்பளம் கொடுக்கலாம், ஆளை மாற்றலாம். இருபத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு அக்காவைத்தான் பிடிக்க முடியும்.

அடுத்து வேலை. எங்கள் ஊரில் இருக்கும் தொழிற்பயிற்சி மையங்களுக்குப் போய்ப் பார்த்தேன். பினாயில், மெழுகுவத்தி, காகிதக் கவர். எங்கே போனாலும் இந்த மூன்றுதான். ஆட்டிசம் உள்ள ஒரு தலைமுறையே பினாயில் கலக்கத்தான் பிறந்ததா என்று தோன்றிவிடும். வீட்டில் இப்போது பினாயிலுக்குப் பஞ்சமே இல்லை. முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தில் பயிற்சிகள் உண்டு, சென்னையை ஒட்டி இருப்பவர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்று ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்துவருகிறது, நல்ல காரியம். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம், அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து. போட்டித் தேர்வு எழுதக்கூடிய பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம், என் தம்பிக்கு அது காலண்டரில் போட்ட கோயில் படம்.

கடைசியில் வேலை கிடைத்தது எங்கள் தெருமுனை மளிகைக் கடையில். அண்ணாச்சிக்கு அவனைச் சின்ன வயதிலிருந்து தெரியும். பருப்பு, சர்க்கரை, ரவை இதையெல்லாம் மூட்டையிலிருந்து கால் கிலோ பொட்டலமாகப் போடும் வேலை, காலை பத்து முதல் ஒன்று வரை. முதல் வாரம் பெரிய தலைவலி. எலக்ட்ரானிக் தராசில் 0.250 வர வேண்டும். அது 0.249 என்று காட்டும், நாலு பருப்புப் போட்டால் 0.251 ஆகும், ரெண்டு பருப்பை எடுப்பான், 0.250 என்று வந்து கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி 0.249. மின்விசிறிக் காற்றுக்கே அந்த எண் ஆடும். ஒரு பொட்டலத்துக்கு இருபது நிமிஷம். முகம் சிவந்து, காதைப் பொத்திக்கொண்டு, ‘கிளம்பலாம் கிளம்பலாம்’ என்று முனக ஆரம்பித்துவிட்டான், தராசை விட்டு மட்டும் நகர மாட்டான். "ரெண்டு கிராம் முன்னப்பின்ன இருந்தா பரவாயில்லப்பா" என்று அண்ணாச்சி ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தார். பரவாயில்லை என்பது எந்த எண்?

ஸ்பெஷல் எஜுகேட்டர் ஒருவரை வேலை இடத்துக்கே வரச் சொல்லி மணிக்குப் பணம் கொடுத்திருந்தோம். அவர் வந்து கால் மணி நேரம் சும்மா நின்று பார்த்தார். பிறகு கடையில் இருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்துத் தராசின் கடைசி இலக்கத்தின் மேல் ஒட்டினார். இப்போது 0.25 மட்டும்தான் தெரியும். 250 ஆக இருந்தாலும் 257 ஆக இருந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்து, "பொட்டலத்துக்கு அஞ்சாறு கிராம் போகுது, போகட்டும், வாங்குறவங்க வாழ்த்துவாங்க" என்றார். அன்றைக்கு மதியத்துக்குள் அவன் போட்ட பொட்டலம் முப்பதுக்கு மேல். சட்டத்தில் இதற்கு, தகுந்த மாற்றம் செய்து தர வேண்டும் என்று ஒரு பிரிவே இருக்கிறது. அந்த டேப் துண்டு என்ன விலை இருக்கும்? ஆனால் அதை எங்கே ஒட்ட வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். நான் ஆதரவு சேவை என்று சொல்வது இதைத்தான். பயிற்சி மையத்தில் ஆறு மாதம் வைத்துப் பயிற்சி கொடுத்து, சர்டிபிகேட் கொடுத்து, வாசலோடு விட்டுவிடுவது சேவையில் சேராது. வேலை செய்யும் இடத்துக்கு வந்து முதல் மாதம் கூட நின்று, பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு கூப்பிட்டால் வருகிற ஒருவர். அரசாங்கம் இப்படி ஒரு பதவியை ஒவ்வொரு ஒன்றியத்திலும் உருவாக்கினால், கட்டடமே கட்ட வேண்டாம்.

பணத்தில் ஒரு வினோதமான முடிச்சு இருக்கிறது. அப்பா அரசு ஊழியராக இருந்து பழைய ஓய்வூதியத்தில் ஓய்வு பெற்றவர். அப்பா அம்மாவுக்குப் பிறகு, தானாகச் சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்கக் கிடைக்கும். இதை அப்பா உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு ஓய்வூதியப் பதிவில் ஏற்றிவிடுவது உத்தமம், பிறகு அலைவது நரகம். முடிச்சு எங்கே என்றால், ‘சம்பாதிக்க முடியாதவன்’ என்று ஒரு பக்கம் சான்று வாங்கிக்கொண்டே மறுபக்கம் அவனைச் சம்பாதிக்கப் பழக்க வேண்டியிருக்கிறது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஓய்வூதியத்துக்கு ஆபத்து. அண்ணாச்சி கொடுக்கிற சம்பளம் எந்த வரம்பையும் எட்டாது என்பதால் எங்களுக்கு இப்போதைக்குக் கவலை இல்லை. கொஞ்சம் கூடத் திறமையுள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் இந்தப் பயத்திலேயே வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷம் ஒரு லட்சம் வரைக்கும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை இல்லாமல், தெரபி செலவுக்கும் சேர்த்து. வருஷா வருஷம் புதுப்பிக்க மறக்காமல் இருந்தால் சரி.

சொத்து விஷயத்தில் நம்மவர்கள் ரெண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, பாசத்தில் வீட்டை அப்படியே அந்தப் பிள்ளை பெயருக்கு எழுதிவைப்பார்கள், பிறகு அவனுக்காகவே அதை விற்க வேண்டி வந்தாலும் அனுமதிக்கு அலைய வேண்டும். இல்லாவிட்டால் கூடப்பிறந்தவர் பெயருக்கு எழுதிவிட்டு, "தம்பியப் பாத்துக்கம்மா" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். நான் நல்லவள்தான். நாளைக்கு எனக்குக் கடன் வந்தால்? நான் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால்? 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை எழுதி, சொத்தை அதில் வைத்து, அவனுக்கு என்ன என்ன செலவு செய்யலாம் என்று எழுத்தில் போட்டு, மூன்று பேரை அறங்காவலர்களாகப் போடுவதுதான் எனக்குத் தெரிந்து ஓரளவு பத்திரமான வழி. பணக்காரர்கள் விஷயம் என்று நினைக்காதீர்கள், ஒரு வீடும் கொஞ்சம் டெபாசிட்டும் இருந்தாலே செய்யலாம்.

தங்குமிடம் பற்றிப் பேசினால் அம்மா அழுதுவிடுவாள், ‘ஹோம்’ என்ற சொல்லே வீட்டில் ஆகாது. தேசிய அறக்கட்டளையில் சமர்த்-கம்-கரௌந்தா என்று தங்கும் இல்லத் திட்டம் உண்டு. விழுப்புரம் மாவட்டம் குணமங்கலத்தில் சிருஷ்டி கிராமம் போல, அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் விவசாயம் செய்து சேர்ந்து வாழ்கிற முயற்சிகளும் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன், சேர்க்கத்தான் பார்க்க வேண்டும் என்று இல்லை. நாங்கள் எங்கேயும் சேர்க்கவில்லை. அதற்குப் பதில் அத்தை வீட்டில் ஒரு ராத்திரி தங்கப் பழக்கினோம். அதற்காக ஒரு கைப்புத்தகம் எழுதினேன். சட்னி இட்லியைத் தொடக் கூடாது, தனிக் கிண்ணம். பச்சைப் போர்வை. ராத்திரி எழுந்து நடந்தால் விளக்கைப் போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள், தானாகப் படுப்பான். கையைக் கடித்தால் தடுக்காதீர்கள், ஈரத்துண்டைக் கொடுங்கள். மாத்திரை வாழைப்பழத்துக்குள். ‘கிளம்பலாம்’ என்றால் என்ன பிடிக்கவில்லை என்று தேடுங்கள், முதலில் சத்தம், பிறகு வாசனை, பிறகு ஈரம். அத்தை அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் போன் செய்து, "உங்க வீட்டுல இவன இப்படி ராஜா மாதிரியா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவன் அங்கே தங்கிய ராத்திரிதான் அம்மாவும் அப்பாவும் ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் தியேட்டரில் படம் பார்த்தார்கள். என்ன படம் என்று கேட்டால் ரெண்டு பேருக்கும் ஞாபகமில்லை, தூங்கியிருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இது இன்னும் பத்து மடங்கு. வெளியே அனுப்பப் பயம், ஆள் வைக்கப் பயம். மாதவிடாய் ஆரம்பித்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் சுயமான, புரிந்த சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்று 2016 சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நாப்கின் மாற்றப் பழக்குவதற்குப் படம் போட்ட அட்டை போதும், பொறுமையும் வேண்டும். என் தோழி ஒருத்தி தன் தங்கைக்கு அப்படித்தான் பழக்கினாள், சிவப்பு மை தொட்டு.

என் கதைக்கு வருகிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் தம்பியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி, "அவனும் கூடவே வந்துருவானோ?" முன்பெல்லாம் அம்மா, "ஐயோ இல்லைங்க" என்று அவசர அவசரமாகச் சொல்வாள், எனக்கு அது வலிக்கும். இப்போது நான் நோட்டை எடுத்து வைத்துவிடுகிறேன். தினம் காலையில் கடை, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் உதவிக்கு வருகிற பையன், மாதத்தில் ரெண்டு நாள் அத்தை வீடு, மருந்தும் டாக்டரும் சித்தப்பா மகள் பொறுப்பு (அவள் நர்ஸ்), வங்கியும் கலெக்டர் ஆபீஸும் நான், துணிமணியும் முடிவெட்டும் அத்தை மகன். இதில் கணவனாக வருகிறவருக்கு இப்போதைக்கு வேலை ஏதும் இல்லை, விருப்பமிருந்தால் அட்டவணையில் இடம் உண்டு என்று சொல்கிறேன். இதுவரை வந்தவர்களில் பாதிப் பேர் காபியை முடிக்காமலே போயிருக்கிறார்கள். நல்லதுதான், பால் மிச்சம்.

அறக்கட்டளைப் பத்திரத்தின் வரைவை வக்கீல் தயார் செய்து கொடுத்துவிட்டார், பீரோவில் இருக்கிறது. அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது அறங்காவலர் யார் என்பதில் நிற்கிறது. நான் அத்தை மகன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அவன்தான் தம்பியோடு அதிகம் வெளியே போகிறவன், தம்பியும் அவன் பைக் சத்தம் கேட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். "அவன் சின்னப் பையன்" என்கிறார் அப்பா. அவனுக்கு 31 வயது, ரெண்டு குழந்தைகள்.